வீட்டில் சொல்வது 300 வருஷம், ஆய்வாளர் சொல்வது 100. எதை நம்புவது?

கேள்வி (வளவுக்காரர்):
செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பங்காளிகள் எல்லோரும் "300 வருஷத்து வீடு" என்கிறார்கள். பார்த்துப்போன வரலாற்று ஆய்வாளரோ 1900க்கு முன்னே போகாது என்கிறார். வாசல் நிலைக்கு மேலே சுதையில் (சுண்ணாம்புப் பூச்சில்) "விஜய வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருக்கிறது. முகப்பில் இரும்பு உத்தரம். எப்படி உறுதி செய்வது?

பட்டாலை:
விஜய 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும். தை என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று தள்ளும்: 1834, 1894, 1954. செட்டியார்கள் பர்மாவை 1942இல் விட்டுவந்த பிறகு அவ்வளவு பெரிய வீடு எழும்புவது அரிது. என் கணிப்பு 1894.

உத்தரத்தில் ஆலையில் உருட்டும்போதே விழுந்த புடைப்பு எழுத்தில் ஆலையின் பெயர் இருக்கும். பெயின்ட் படாத மாடிப்படி அடியில் தேடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள்; கம்பி பிரஷ் வேண்டாம். பாதி எழுத்து சுவருக்குள் போயிருக்கும், அதனால் இரண்டு மூன்று உத்தரம் பாருங்கள். டாடா என்று இருந்தால் முகப்பு 1912க்குப் பிந்தியதுதான், டாடா ஆலையில் எஃகு உருகியதே அந்த வருஷம்.

காரைவீடு:
ஆனால் முகப்பின் வயது வளவின் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) வயதல்ல! ஆய்வாளர்கள் சறுக்குவதும் இங்கேதான். முகப்பும் வளவும் சேரும் இடத்தில் காரை உதிர்ந்திருந்தால் பாருங்கள்: செங்கல் ஒன்றோடொன்று பிணையாமல் நேர்கோடாகப் பிளவு ஓடினால் முகப்பு பிறகு ஒட்டவைத்தது. ஜப்பான் டைலுக்குப் பின்னால் பழைய மெருகுச் சுண்ணாம்பு தெரிந்தால் டைலும் பிந்தியது. ரவிவர்மா படம் ஆணியில் தொங்குவது, அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அந்தப் படங்களை அச்சிட்ட அச்சகமே 1894இல்தான் தொடங்கியது. நிலையும் பழைய வீட்டிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கலாம்.

பேரேடு:
பங்காளிகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். பலர் மனையின் வயதைத்தான் வீட்டின் வயதாகச் சொல்வார்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்கெல்லைக்குப் பிறகு "கூரை வீடு", "காரை வீடு", "காலி மனை" என்று எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பத்திரத்தில் கூரை வீடு காரை வீடாக மாறியிருந்தால், கட்டிய காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். கணக்குப் பேரேடு கிடைத்தால் இன்னும் நல்லது: கொத்தனார் கூலி, சுண்ணாம்பு, தேக்கு, வண்டிச்சத்தம் (வண்டி வாடகை) எல்லாம் தேதியோடு வரும். பெட்டகத்தை ஒழிக்கும்போது இவற்றைத்தான் முதலில் பழைய பேப்பருக்குப் போடுகிறார்கள்.

வெள்ளையடிக்கும் முன் அந்தச் சுதை எழுத்தைச் சாய்ந்த வெயிலில் படமெடுத்துப் போடுங்கள். "விஜய"வா "ஜய"வா என்பதே பார்க்க வேண்டியது. ஜய என்றால் கணக்கு ஒரு வருஷம் நகரும்.