பூஜைவைப்பு, பூஜையெடுப்பு: மனசுல நிக்கிற ஒண்ணைச் சொல்லுங்க

குழித்துறைக்காரன்:
நவராத்திரியில புத்தகத்தை சரஸ்வதி முன்னால பூஜைக்கு வச்சா, விஜயதசமிக்கு எடுக்கிற வரைக்கும் ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு எட்டு வயசு, நவமி அன்னைக்கு அத்தைக்கு மேலுக்கு முடியலைன்னு பாட்டாவும் நானும் தக்கலைக்குப் போக நிக்கிறோம். பாட்டா ரிட்டயர்டு வாத்தியார், கண்ணாடியையும் புத்தகத்தோட பூஜைக்கு வச்சிட்டாரு. ஒவ்வொரு வண்டிக்கும் போர்டைப் பாக்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டு "இது எங்க போவுது?"ன்னு கண்டக்டர்கிட்ட கேக்காரு. ஒரு வண்டில கண்டக்டர் பின்வாசல்ல நின்னாரு, காதுல விழல, வண்டி நகருது, நான் "பாட்டா, தக்கலை வண்டி"ன்னு கத்திட்டேன். ஏறி உக்காந்ததும் "வாசிச்சியா மக்களே?"ன்னாரு. இல்ல, டிரைவர் மாமாவைத் தெரியும்னு பொய் சொன்னேன். ஒண்ணும் சொல்லல, என் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு, சாமியார்மடம் தாண்டுற வரைக்கும் விடல. அந்தப் பொய் இன்னும் உறுத்துது.

பாறசாலை மருமக:
எனக்கு திருநெல்வேலி, அங்க நவமிலதான் சரஸ்வதி பூஜை. இங்க பாறசாலையில கேரளா வழக்கம், அஷ்டமி சாயங்காலமே வச்சிருவாங்க. கல்யாணமான வருஷம் மாமியார் பால் கணக்கு நோட்டையும் பேனாவையும் சேத்து பட்டுல சுத்திட்டாங்க. மறுநாள் காலைல பால்காரர் வந்தாரு, அத்தை அடுப்புக்கரியை எடுத்து சுவத்துல ஒரு கோடு இழுத்தாங்க. எண்ணு கூட எழுதல, வெறும் கோடு. அத்தை போய் ஆறு வருஷம் ஆச்சு, அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்க எனக்கு மனசு வரல.

வேளிமலை:
கேரளா வழக்கம்னு சொல்லாதீங்க, வருத்தமா இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் குமரிப் பக்கமும் பாறசாலையும் ஒரே மாநிலம்தானே. இன்னைக்கும் திருவனந்தபுரம் நவராத்திரிக்கு சாமி நம்ம பக்கத்துல இருந்துதான் போகுது: பத்மநாபபுரம் அரண்மனை தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன். அந்த சரஸ்வதி கம்பர் பூஜிச்ச விக்கிரகம்னு ஐதீகம். முதல்ல பத்மநாபபுரத்துலயே நடந்த விழா, சுவாதி திருநாள் மகாராஜா காலத்துல திருவனந்தபுரத்துக்கு மாறிச்சுன்னு சொல்லுவாங்க. புறப்படும்போது அரண்மனை உப்பரிகை மாளிகையில ராஜாவோட உடைவாள் கைமாறும், ராத்திரி குழித்துறையில தங்கும், மறுநாள் எல்லையில இருக்க களியக்காவிளை. ஒருதரம் அங்க கூட்டத்துல நின்னேன், நங்கை பல்லக்கு எல்லை தாண்டுது, பக்கத்துல ஒரு பாட்டி "போயிட்டு சீக்கிரம் வாடி மக்களே"ன்னு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. மகளை மறுவீட்டுக்கு அனுப்புற மாதிரியே.

மார்த்தாண்டம் அம்மா:
என் மகன் விஜயதசமி அன்னைக்கு முதல் எழுத்து எழுத உக்காரமாட்டேன்னு ஒரே அழுகை, மூணு தட்டம் அரிசியும் தரையில. அதனால சொல்றேன், பிள்ளை வச்சிருக்கவங்க வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு இட்லி குடுங்க. நாக்குல மோதிரத்தால எழுதுறதை முந்தின நாளே விளையாட்டா காட்டிப் பழக்குங்க, மோதிரத்தை வெந்நீர்ல கழுவுங்க. விரலை இறுக்கிப் பிடிக்காதீங்க, முதல்ல எழுதவைக்கிற "ஹரிஸ்ரீ" கோணலா வந்தா வரட்டும். பச்சரிசியை பாத்திரத்துல இல்லாம அகலத் தட்டத்துல பரப்புங்க. எழுதின அரிசியை எங்க வீட்டுல அன்னைக்கே பாயசம் வச்சிருவோம்.