வெளிநாட்டு டூருக்கு எந்த கேமரா, எந்த மெமரி கார்டு? ஒரே குழப்பம்

கிளம்பியாச்சு:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் மொத மொறையா வெளிநாடு போறோம், நான், வீட்டுக்காரர், மாமியார், எட்டு வயசுப் பையன், மொத்தம் 12 நாள். போன்லயே எடுத்துக்கலாம், எதுக்கு தனியா ஒரு சுமைன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. ஆனா போன தடவ டூர் போனப்ப போன்ல ஜூம் பண்ணி எடுத்த ஒரு குடும்பப் படத்த பெரிசா பிரிண்ட் போட்டுப் பாத்தா எல்லார் மூஞ்சியும் மெழுகு பூசின மாதிரி வழவழன்னு இருக்கு, மாமியார் அவங்க மூஞ்சியவே பாத்துட்டு இது யாருடின்னு கேட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவ ஒரு கேமரா வாங்கிடறதுன்னு.

கைப்பையில அடங்கணும். எனக்கு போட்டோகிராபி தெரியாது, ஆட்டோல போட்டு அமுக்கற ஆளு. மியூசியம் உள்ள, ராத்திரி தெரு, படகுல போறப்ப, அப்புறம் நிக்காம ஓடற பையன், இவ்வளவுதான் எடுக்கப் போறேன். பாத்த வரைக்கும் ஒண்ணு 30 மடங்கு ஜூம்னு போட்டிருக்கு, இன்னொண்ணு ஜூம் வெறும் 4 மடங்குதான் ஆனா விலை அதவிட ரொம்ப ஜாஸ்தி, "ஒரு இஞ்ச் சென்சார்"ங்கறாங்க. ஜூம் கம்மியா இருக்கறதுக்கு எதுக்கு கூட காசு?

அடுத்தது கார்டு. ஒரே 256 ஜிபி வாங்கி போட்டுட்டா 12 நாளும் கவலையில்லன்னு நெனச்சேன், சரியா? அந்த கார்டு மேல என்னென்னமோ எழுதியிருக்கே, வட்டத்துக்குள்ள 10, கிண்ணம் மாதிரி ஒண்ணுக்குள்ள 3, வி30, ரோமன் ஒண்ணு, 170ன்னு ஒரு நம்பர், பாத்தா ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கு. யாராவது புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

ஒத்தக்கண்ணன்:

சிஸ்டர், நீங்க கேட்ட அந்த ஜூம் கேள்விதான் முக்கியமான கேள்வி. 30 மடங்குன்னா லென்ஸ் 24 மிமீல ஆரம்பிச்சு 720 மிமீ வரைக்கும் போகுதுன்னு அர்த்தம். அவ்வளவு தூரம் போற லென்ஸ சட்டைப்பையில அடக்கணும்னா உள்ள சென்சார், அதாவது வெளிச்சத்த படமா மாத்தற சில்லு, குட்டியா இருந்தே ஆகணும், வேற வழியே கெடையாது. அந்த வகை கேமராவுல சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தவிட சின்னது. ஒரு இஞ்ச்னு சொல்றது 13.2க்கு 8.8 மிமீ, பரப்பளவுல நாலு மடங்கு. பேருலதான் இஞ்சு, மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மிமீ தாண்டாது, அந்தக் காலத்து டிவி கேமரா குழாய் அளவ வெச்சு வந்த பேரு அது, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

நீங்க எடுக்கப் போறது மியூசியம், ராத்திரி தெரு. ரெண்டுமே வெளிச்சம் இல்லாத எடம். 30 மடங்கு ஜூம் கேமராவுல ஜூம் போடப் போட எஃப் 6.4 வரைக்கும் போயிடும், அதாவது எஃப் நம்பர் ஏற ஏற லென்ஸோட வாசல் சுருங்கிடும், வெளிச்சம் கம்மியாகும், கேமரா உள்ளுக்குள்ள ஐஎஸ்ஓவ, அதாவது கெடச்ச வெளிச்சத்த பெருக்கிக் காட்டற அளவ, ஏத்தும், புள்ளி புள்ளியா வரும், அத அழிக்கறேன்னு மென்பொருள் தேய்ச்சு விடும். உங்க மாமியாருக்கு மெழுகு பூசினது அதேதான். தனி கேமரா வாங்கியும் அதே மெழுகு வேணுமா?

24 மிமீலேந்து 100 மிமீ போற கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 மாதிரி ஒண்ணு எடுத்தா எஃப் 1.8ல ஆரம்பிக்கும், உள்ளறைக்கு அருமை. கொஞ்சம் தூரமும் வேணும்னா சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, 24லேந்து 200 மிமீ, 300 கிராம்தான், ஆனா எஃப் 2.8ல ஆரம்பிக்கறதால உள்ளறையில கொஞ்சம் பின்தங்கும். பழைய மாடல் கெடச்சாலும் தப்பே இல்ல.

மிரர்லெஸ், அதான் லென்ஸ கழட்டி மாத்தற பெரிய கேமரா, அத வாங்குங்கன்னு யாராவது வருவாங்க பாருங்க. பெரிய சென்சார்தான், ஒத்துக்கறேன், நானே அதான் வெச்சிருக்கேன். ஆனா கூடவே வர்ற கிட் லென்ஸ் எஃப் 4.5, 6.3ன்னு மந்தமா இருந்தா இருட்டுல அந்த பெரிய சென்சாரோட லாபம் மொத்தமும் போயிடும். கணக்கு போட்டா எஃப் 1.8 இருக்கற ஒரு இஞ்ச் கேமரா அதுக்கு சமமா இல்ல ஒரு படி மேலயே நிக்கும். நல்ல லென்ஸ் தனியா வாங்கினாதான் மிரர்லெஸ், இல்லன்னா சும்மா கழுத்து வலி.

மெகாபிக்சல் பத்தி நீங்க கேக்கவே இல்ல, சந்தோஷம். ஏ4 சைஸ் பிரிண்டுக்கு 9 இருந்தாலே போதும்.

பையன் விஷயத்துல ஒண்ணு மட்டும் கத்துக்கோங்க. ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆட்டத்ததான் சரி பண்ணும், பையன் ஓடறத நிறுத்தாது. டயல எஸ்ல, அதாவது ஷட்டர் வேகத்த நீங்களே வைக்கற மோடுல, வெச்சு 1/250 நொடின்னு வைங்க, மத்ததெல்லாம் கேமரா பாத்துக்கும். சோனில எஸ்தான், கேனான்ல எஸ்க்கு பதிலா டிவின்னு போட்டிருக்கும், டெலிவிஷன்னு நெனச்சுடாதீங்க.

சோம்பேறிப்பயணி:

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்குங்க. நான் ஒரு தடவ மூணு லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் தூக்கிட்டு போய் ரெண்டாம் நாளுக்கு மேல ரூம் லாக்கர்லயே வெச்சுட்டு போன்லயே எடுத்துட்டு வந்தேன். பல மியூசியத்துல ட்ரைபாட உள்ளயே விடல. கையில இருக்கற கேமராதான் கேமரா. வாங்கறதுன்னா ஒத்தக்கண்ணன் சொன்ன குட்டி கேமராவோட நிறுத்திக்கோங்க, ஃபிளாஷயும் அந்த சிவப்பு ஃபோகஸ் லைட்டயும் முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க, காவலுக்கு நிக்கறவங்க மொறைப்பாங்க.

கார்டுதொலைத்தவன்:

கார்டு பத்தி நான்தான் பேசணும், பேர பாத்தாலே தெரியும்.

ஒரே 256 வேண்டவே வேண்டாம். ஏன்னு சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னாடி கெளம்பறதுக்கு மொத நாள் அவசரத்துல விலை கம்மியா கெடச்ச ஒரு 128 கார்ட வாங்கிப் போட்டுட்டு போனேன். அஞ்சாவது நாள் ராத்திரி ரூம்ல உக்காந்து படத்த ஒவ்வொண்ணா தள்ளிப் பாக்கறேன், சின்ன படமா பாக்கறப்ப எல்லாம் ஒழுங்கா தெரியுது, ஒண்ண பெரிசாக்கினா மேல பாதி மனைவி சிரிச்சுட்டு இருக்கா, கழுத்துக்குக் கீழ வெறும் சாம்பல் கலர். அடுத்தது, அதுக்கு அடுத்தது, மூணாம் நாள் மத்தியானத்துக்கு அப்புறம் எடுத்தது எதுவுமே தெறக்கல. கார்டு போலி. உள்ள இருந்தது வெறும் 16 ஜிபி, ஆனா கேமராகிட்ட நான் 128ன்னு பொய் சொல்லுது, கேமராவும் நம்பி எழுதிட்டே போகுது. நெறஞ்சதுக்கு அப்புறம் எழுதறதெல்லாம் ஓட்டப் பானையில ஊத்தின தண்ணி. திட்டறதுக்குக்கூட கையில பில் இல்ல.

அதனால கார்டு வந்த உடனே டெஸ்ட் பண்ணுங்க. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச மென்பொருள், மேக், லினக்ஸ்னா எஃப்3. கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சுப் பாத்து உண்மையான கொள்ளளவு எவ்வளவுன்னு சொல்லிடும். நேரம் எடுக்கும், ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கிடுங்க.

இப்ப ஜாதகக் கட்டம். வட்டத்துக்குள்ள 10ன்னா நொடிக்கு 10 எம்பியாவது எழுதும்னு உத்தரவாதம். கிண்ணம் மாதிரி இருக்கறது ஆங்கில எழுத்து யு, அதுக்குள்ள 1 இருந்தா அதே 10, 3 இருந்தா 30. வி30ன்னாலும் 30தான், வி60, வி90 அப்படியே ஏறும். ரோமன் ஒண்ணுங்கறது யுஎச்எஸ் 1, கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவுல இருக்கற பாதை, அதுல 104க்கு மேல போகாது. அப்ப 170 எங்கேந்து வந்துச்சுன்னா, அது படிக்கற வேகம், அதுவும் அதுக்குன்னே இருக்கற ரீடர்ல போட்டா வர்ற வேகம். உங்க கேமரா அந்த 170ஐ கண்ணாலகூட பாக்காது. ரோமன் ரெண்டுன்னா பின்னாடி இன்னொரு வரிசை உலோகத் தகடு இருக்கும், விலை அதிகம், சின்ன கேமராவுல போட்டாலும் ஒண்ணோட வேகத்துலதான் ஓடும், காசு தண்டம்.

4கேன்னு சொல்ற ரொம்பத் தெளிவான வீடியோவ நொடிக்கு 100 மெகாபிட்ல எடுக்கறீங்கன்னு வைங்க, எட்டு மெகாபிட் ஒரு எம்பி, எட்டால வகுத்தா நொடிக்கு 12.5 எம்பி. வி30 தாராளம். ஆனா யு3 இல்லாத கார்டு போட்டா சில கேமரா அந்த 100ஐ எடுக்கவே விடாது, பிடிவாதம். அதனால யு3, வி30 ரெண்டும் போட்டிருக்கறத வாங்கிட்டு மத்த எழுத்த மறந்துடுங்க.

எவ்வளவு ஜிபி? ஒரு ஜேபெக் படம் 10 எம்பின்னு தாராளமாவே வைங்க, நாளைக்கு 300 படம், 12 நாள், மொத்தம் 36 ஜிபிதான் வருது. வீடியோதான் முழுங்கும், மேல சொன்ன 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு இல்ல மூணு 64 வாங்கி மாத்தி மாத்தி போடுங்க. ஒண்ணு போனாலும் மொத்த டூரும் போகாது.

ஜன்னல்சீட்டு:

ஏம்மா, கேமரா கார்டெல்லாம் பசங்க சொல்லிட்டாங்க, நான் ரிட்டயர்ட் ஆனதுலேந்து சுத்திட்டே இருக்கறவ, பெட்டி கட்டற விஷயத்த மட்டும் சொல்றேன்.

கூட ஒரு பேட்டரி கண்டிப்பா வாங்கிக்கோ, இந்த குட்டி கேமராவெல்லாம் சாயங்காலம் ஆறதுக்குள்ள மயங்கிடும். அந்த ஸ்பேர் பேட்டரியும் பவர் பேங்கும் கையில எடுத்துட்டு போற பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில போடக்கூடாது, லித்தியம் தீப்பிடிச்சா சரக்கு அறையில யாரும் கவனிக்க முடியாது. வாட் அவர்ங்கறது பேட்டரியோட கொள்ளளவு, 100 வாட் அவர் வரைக்கும் யாரையும் அனுமதி கேக்க வேண்டாம். உன் கேமரா பேட்டரி அஞ்சு பத்துக்குள்ளதான் வரும், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74தான், ரெண்டுமே சரி. பேட்டரியோட அந்த பளபளன்னு இருக்கற தகட்டு மேல ஒரு டேப் ஒட்டிடு, சாவியோட சில்லறையோட உரசக்கூடாது.

சார்ஜர் பின்னாடி பொடி எழுத்துல 100–240ன்னு இருக்கான்னு பாரு, இருந்தா எந்த நாட்டு கரண்டுலயும் ஓடும், பிளக் மாத்தற அடாப்டர் மட்டும் போதும். நான் மொத டூருக்கு கல்லு கணக்கா ஒரு வோல்டேஜ் கன்வெர்ட்டர தூக்கிட்டு போனேன், தெறக்கவே இல்ல.

ஏர்போர்ட் எக்ஸ்ரேல கார்டு அழிஞ்சுடும்னு உன் மாமியார் வயசுக்காரங்க யாராவது பயமுறுத்துவாங்க, அது ஃபிலிம் காலத்துக் கதை. மெமரி கார்டுக்கு ஒண்ணும் ஆகாது.

விமானத்துல உக்காந்த உடனே கேமராவோட டைம் ஸோன மாத்திடு. போன் தானா மாத்திக்கும், கேமரா மாத்தாது. நாங்க ரெண்டையும் ஒண்ணா சேத்து அடுக்கினப்ப காலையில படகு ஏறினது ராத்திரி விளக்குப் படத்துக்கு நடுவுல போய் உக்காந்துச்சு, ஒரு வாரம் உக்காந்து பிரிச்சேன்.

குளிர் எடத்துலேந்து சூடான ரூமுக்குள்ள வர்றப்ப கேமராவ ஜிப் கவர்ல போட்டு மூடிட்டு உள்ள வா, ஒரு அரை மணி கழிச்சு எடு. இல்லன்னா லென்ஸுக்குள்ள வேர்த்துடும். அப்புறம் தினமும் ராத்திரி போன்ல சொருகற கார்டு ரீடர் வெச்சு அன்னன்னைக்கு படத்த காப்பி பண்ணு. ஹோட்டல் வைஃபைய நம்பி இன்டர்நெட் சேமிப்புல ஏத்தறேன்னு உக்காந்தா தூக்கம் போயிடும்.

கிளம்பியாச்சு:

அப்பாடா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மா, அந்த டேப் ஒட்டற விஷயம் எங்கயுமே படிச்சதில்ல. இன்னும் ஒரே ஒரு சந்தேகம், காப்பி பண்ணதுக்கு அப்புறம் கார்டுல இருக்கறத டெலீட் பண்ணணுமா ஃபார்மட் பண்ணணுமா? பையன் தெரியாம எதையாவது அழிச்சுட்டா என்ன பண்றது?

கார்டுதொலைத்தவன்:

டூர் முடியற வரைக்கும் எதையும் அழிக்காதீங்க, அதுக்குதான மூணு கார்டு. வீட்டுக்கு வந்து ரெண்டு எடத்துல காப்பி இருக்குன்னு உறுதியானதும் கேமராவுலயே ஃபார்மட் கொடுங்க, கம்ப்யூட்டர்ல வேண்டாம், கேமரா தனக்கு வேண்டிய மாதிரி ஃபோல்டர் போட்டுக்கும். நெறஞ்ச கார்டோட எடது பக்கம் குட்டியா ஒரு பூட்டு இருக்கும், அத கீழ தள்ளிட்டா யாராலயும் எழுதவும் முடியாது அழிக்கவும் முடியாது.

பையன் அழிச்சுட்டா பதறாதீங்க, அந்த கார்டுல அதுக்கப்புறம் ஒரு படம்கூட எடுக்காம உடனே கழட்டி வெச்சுடுங்க. டெலீட் பண்ணா படம் உடனே போறதில்ல, இந்த எடம் காலின்னு குறிச்சு மட்டும் வைக்கும், மேல இன்னொண்ணு எழுதற வரைக்கும் உள்ளதான் கெடக்கும். வீட்டுக்கு வந்து போட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள்ல போட்டா பெரும்பாலும் வந்துடும். என் சாம்பல் படத்துக்கு அதுவும் உதவல, எழுதவே இல்லாதத எங்கேந்து எடுக்கறது.

ஒத்தக்கண்ணன்:

கேமராவ கெளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடியே வாங்கிடுங்க சிஸ்டர். வீட்டுக்குள்ள லைட்ட அணைச்சுட்டு பையன ஓட விட்டு எடுத்துப் பழகுங்க, ஏர்போர்ட்ல உக்காந்து மேனுவல் படிக்கற நெலம வேண்டாம். மணிக்கட்டுல மாட்டற ஸ்ட்ராப்பயும் மறக்காதீங்க, படகுல அது ரொம்ப அவசியம்.

கிளம்பியாச்சு:

வாங்கியாச்சு! அந்த எஃப் 1.8 கேமராதான், கூட 64 ஜிபி மூணு, ஒரு ஸ்பேர் பேட்டரி. மொத கார்டு டெஸ்ட்ல பாஸ், ரெண்டாவது ஓடிட்டு இருக்கு, 38 சதவீதம். மூணாவத போட்டு கேமராவ மாமியார் கையில குடுத்தோம், பேரன ஓட விட்டு 40 படம் எடுத்திருக்காங்க. மூஞ்சி எல்லாம் தெளிவா இருக்கு, மெழுகு இல்ல. எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு விரல் மட்டும் இருக்கு.