ஊரணியைத் தோண்டும் முன் வரத்துக்காலைத் திறப்போம்

மடற்குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஊரணி, அதாவது நம் ஊர்க் குடிநீர்க் குளத்தின் திருப்பணி பற்றி வந்த மடல்களில் மூன்று யோசனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊரணியை இன்னும் பத்தடி ஆழப்படுத்தலாம், அடியில் கான்கிரீட் போடலாம், கரையில் உப்பு நீக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வைக்கலாம். மூன்றுமே ஊர் மேல் உள்ள அக்கறையில் சொன்னவைதான். ஆனாலும் கையில் இருக்கும் பணத்தை முதலில் மழைநீரை ஊரணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலில் போட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

நம் பக்கம் வருஷ மழை சராசரியாக 90 சென்டிமீட்டர். ஊரணிக்கு நீர் தரும் செம்மண் மேடு 10 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெய்வதில் கால் பங்கு வழிந்து வந்தால் 91 லட்சம் லிட்டர். மேல்மட்டத்தில் 60 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம், உள்சரிவு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்றால் ஊரணி கொள்வது 92 லட்சம். அதாவது சராசரி மழைக்கு ஒருமுறை நிறைகிற அளவில்தான் இப்போதே இருக்கிறது. இன்னும் பத்தடி தோண்டினால் 65 லட்சம் லிட்டர் கூடுதல் கொள்ளளவு கிடைக்கும், அதை நிரப்ப நீர் கிடைக்காது. தோண்டும் மண்ணோ 6,500 கன மீட்டர், டிப்பரில் ஆயிரம் லோடுக்கு மேல். அதைக் கரையோரம் கொட்டினால் அடுத்த ஐப்பசியிலேயே பாதி உள்ளே சரிந்துவிடும்.

இருக்கும் நீர் போதுமா என்று கேட்டவர்களுக்கு: தை முதல் ஆனி வரை நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், 34 லட்சம் லிட்டர், வெயிலோடு போய்விடும். ஆயிரம் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லிட்டர் என்றால் ஆறு மாதத்துக்கு 18 லட்சம். கசிவு போனாலும் மீதி நிற்கும். ஆனால் வரத்துக்கால் பாதியில் அடைபட்டிருந்தால் வருவதே 45 லட்சம்தான். ஆனி முடிவதற்குள் ஊரணி சேறாகிவிடும்.

எங்கே அடைபடுகிறது? பெரும்பாலும் ரோட்டில். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிடுகிறது, அடியில் இருக்கும் குழாய்ப்பாலம் மண்மூடிப் போகிறது. அடுத்தது வீட்டு வாசல் சாய்தளங்கள். மூன்றாவது சீமைக்கருவேல், மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். ஆகவே முதல் வேலை நிலமட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து மேட்டிலிருந்து ஊரணி வாய் வரை 10 மீட்டருக்கு ஒரு மட்டம் எடுப்பது. கண்ணால் பார்த்து வெட்டிய கால் நடுவில் குழியாகித் தேங்கும், கொசுதான் மிச்சம்.

10 ஏக்கரில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டி, அதில் ஐந்தில் இரண்டு பங்கு வழிந்தால் விநாடிக்குச் சுமார் 220 லிட்டர் வரும். அடியகலம் 75 சென்டிமீட்டர், இருபுறமும் ஒன்றுக்கு ஒன்று சரிவு, 500 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் என்று மண்கால் வெட்டினால், 40 சென்டிமீட்டர் உயரம் ஓடும்போது 260 லிட்டருக்கு மேல் தாங்கும். வாட்டம் இதைவிடக் கூடினால் செம்மண் அரிக்கும், அப்படி வரும் இடத்தில் மட்டும் செம்புறாங்கல் படி வைத்து இறக்குங்கள். முழுக் காலையும் சிமென்டால் பூசத் தேவையில்லை.

ஊரணி வாயில் 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி. இது மணலைப் பிடிக்கும், களிமண்ணைப் பிடிக்காது; கலங்கல் ஊரணிக்குள் வந்துதான் தெளியும். தொட்டிக்கு முன்னால் பலகையால் அடைத்துத் திறக்கும் மடை ஒன்று. ஆவணி, புரட்டாசியில் வரும் முதல் இரண்டு மூன்று மழை சாணத்தையும் குப்பையையும் அடித்துக்கொண்டு வரும். அதைப் பக்கக் காலில் திருப்பிவிட்டு, நிலம் கழுவிய பிறகு வாயைத் திறக்க வேண்டும். பலகைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால் மழை நாளில் யாரும் வர மாட்டார்கள்.

கூரை நீர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆசை அதிகம். நம் வீடுகளின் ஓடும் முற்றமும் நீரைச் சேர்ப்பதற்கென்றே அமைந்தவை. 5,000 சதுர அடிக் கூரை ஒன்று வருஷத்தில் 3.3 லட்சம் லிட்டர் தரும், அதுவும் மண் கலக்காத நீர். பூட்டிக் கிடக்கும் வீடு என்றாலும் மழை பெய்யத்தான் செய்கிறது. ஆனால் பழையபடி தெருக்காலில் விடக் கூடாது. இன்று அந்தக் காலில் குளியல் நீரும் சில இடங்களில் கழிவறை நீரும் ஓடுகின்றன. மழைநீருக்குத் தனிக் குழாய் வேண்டும். 160 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை 100 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டத்தில் பதித்தால் இந்த அளவுள்ள மூன்று வீட்டுக்குப் போதும். வீட்டுக்கு ஒரு சல்லடைத் தொட்டி வைக்க வேண்டும், ஓட்டுச் சில்லும் இலையும் அதில் தங்கும்.

இனி தூர்வாருதல். ஜேசிபி இறங்கும் முன் ஐந்து இடத்தில் சோதனைக் குழி எடுத்து, வண்டல் எத்தனை கனம், அடியில் களி எத்தனை கனம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் களிக்குக் கீழே செம்புறாங்கல்லும் சரளையும் வந்துவிடும். களியைக் கிழித்துவிட்டால் அந்த ஊரணி நீர் பிடிக்காது. வண்டலை மட்டும் எடுத்து, களி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஆபரேட்டருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் நிறுத்த மாட்டார், கன மீட்டர் கணக்கில் கொடுங்கள். கிழிந்த இடம் இருந்தால் கண்மாய்க் களியை ஈரமாக 15 சென்டிமீட்டர் அடுக்கு இரண்டாகப் போட்டு மிதித்து இறுக்கலாம். கான்கிரீட் வேண்டாம் என்பதற்குக் காரணமும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது ஊரணி காலியாக இருந்தால் அடித்தளத்தையே தூக்கி வெடிக்க வைக்கும். பக்கச் சுவரை மட்டும் செம்புறாங்கல்லில் கட்டி, பின்னால் 15 சென்டிமீட்டர் சரளை வையுங்கள். சிமென்டுப் பூச்சு இருந்தால் இரண்டு மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை விட வேண்டும். விடாத சுவர் பெருமழையில் உள்பக்கம் சாயும். மிகை நீர் வழியும் கலுங்கு 3 மீட்டர் நீளம் வைத்தால் 20 சென்டிமீட்டர் உயரம் வழிந்தாலே மேலே சொன்ன வெள்ளத்தைப் போல இரண்டு மடங்கு வெளியேறும்.

ஆர்.ஓ. பற்றி: அது உப்பைக் குறைக்கும் கருவி. நன்றாகக் காத்த ஊரணி நீர் மழைநீர்தான், உப்பு குறைவாகவே இருக்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ. எதற்கு? போட்ட நீரில் ஒரு பெரும் பங்கு கழிவாகப் போய்விடும். நமக்கு வேண்டியது கிருமியையும் கலங்கலையும் நீக்குவது. மெதுமணல் வடிகட்டி போதும். ஆயிரம் பேருக்கு 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் தொட்டி இரண்டு. ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும். அடியில் 30 சென்டிமீட்டர் சரளை, மேலே 90 சென்டிமீட்டர் அலசிய நுண்மணல், அதற்கு மேல் ஒரு மீட்டர் நீர் நிற்க வேண்டும். வேலை செய்வது மணலின் மேல் படியும் உயிர்ப்படலம். அது உருவாகச் சில வாரம் ஆகும், நீர் நின்றால் செத்துப்போகும், ஆகவே இராப்பகலாக ஓட வேண்டும். ஓட்டம் குறைந்தால் மேல் 2 சென்டிமீட்டர் மணலைச் சுரண்டினால் போதும். கார்த்திகையில் களி கலங்கிய நீரை விட்டால் சில நாளில் அடைத்துக்கொள்ளும். தெளியும் வரை குடிக்கக் காவிரிக் குழாய் நீரே இருக்கட்டும். கடைசியில் 10,000 லிட்டருக்குப் புது பிளீச்சிங் பவுடர் 60 கிராம். மூட்டையைப் பிரித்துப் பல மாதம் வைத்த பவுடரில் வீரியம் இருக்காது.

பணம் அனுப்புவதில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள், ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். ஆகவே வசூல் தொடங்கும் முன் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று பட்டியல் வேண்டும்.

வசூலில் நூற்றுக்கு 25 ரூபாயை வேலைக்குத் தொடாமல் வைப்பில் போடுங்கள். வருஷா வருஷம் ஆடியில் வரத்துக்கால் வெட்ட, வண்டல் தொட்டி வார, வடிகட்டி பார்ப்பவருக்குச் சம்பளம் தர அந்த வட்டி வேண்டும். திறப்பு விழாவோடு பணம் தீர்ந்த வேலை நிற்காது.

சித்திரையில் அளந்து, வைகாசி, ஆனியில் கால் வெட்டி, ஆடிக்குள் தூர்வாரி, புரட்டாசிக்கு முன் கலுங்கும் மடையும் முடிய வேண்டும். ஊரில் இருப்பவர்கள் ஊரணிக்கும் வரத்துக்காலுக்கும் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டு நகலும் புலப்படமும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். உரிய அனுமதி இல்லாமல் புறம்போக்கில் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது. நகல் கிடைத்ததும் இந்த இழையிலேயே அனுப்புங்கள், மட்டம் எடுக்கும் ஆளை ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
நீர்நிலைக் குழுவிலிருந்து