16 வயசு பையனுக்கு வீட்டுலயே பீர் ஊத்திக் கொடுத்துப் பழக்கலாமா?

சிப்புட் அம்மா:
வணக்கம். நாங்க சுங்கை சிப்புட்ல இருக்கோம், வீட்டுக்காரரு செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டுறாரு. பெரியவன் ஃபார்ம் 4, வயசு 16. தீபாவளிக்கு இவரோட அண்ணன் தம்பிங்க எல்லாம் வருவாங்க, பெட்டி பெட்டியா பீர் இறங்கும், அது எப்பவும் உள்ளதுதான். இந்த வருஷம் இவரு என்ன சொல்றாருன்னா பையனுக்கும் ஒரு கிளாஸ் ஊத்துவோம், எப்படியும் வெளில கூட்டாளிங்களோட குடிக்கத்தான் போறான், அதுக்கு நம்ம கண்ணு முன்னாடி அளவா குடிச்சுப் பழகட்டும்ங்கிறாரு. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர் பக்கம் மெத்தனால்ங்கிற விஷ ஆல்கஹால் கலந்த சரக்கு குடிச்சு அத்தனை பேரு செத்தாங்களே, அதையும் எடுத்துச் சொல்றாரு. கண்டதையும் குடிச்சு சாவறதுக்கு வீட்டுல நல்ல பீர் குடிக்கலாம்னு. எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது, ஆனா பதில் சொல்லவும் தெரியல, ரொம்ப அடக்கி வச்சா திருட்டுத்தனமா குடிப்பானோன்னும் பயமா இருக்கு. வயசுப் பிள்ளைங்க வச்சிருக்கவங்க சொல்லுங்க.

கம்பார் மோகன்:
அக்கா, உங்க வீட்டுக்காரரு சொல்றது சரிதான். எனக்கு 17 வயசுல எங்கப்பா தீபாவளிக்கு அரை கிளாஸ் கொடுத்தாரு, இப்ப எனக்கு நாப்பது ஆகுது, விசேஷத்துக்கு மட்டும் ரெண்டு டின், அதோட சரி. வேணாம் வேணாம்னா தான் அந்த வயசுல ஆசை கூடும் லா.

தாதி ஈப்போ:
மோகன் தம்பி, உங்களுக்கு நல்லபடியா போச்சு, சந்தோஷம். அதே மாதிரி அரை கிளாஸ்ல ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வயசுல வயிறு வீங்கி கண்ணு மஞ்சளாகி வார்டுல படுத்திருக்கவங்களை நான் பார்த்துட்டு இருக்கேன், அவங்க யாரும் இங்க வந்து எழுதப் போறதில்ல.

அக்கா, இதை ஆஸ்திரேலியாவுல உக்காந்து ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. 1927 பிள்ளைங்களை 12, 13 வயசுல இருந்து ஆறு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க, 2018ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. பெத்தவங்க வீட்டுல கொடுத்தா பிள்ளை அளவா குடிக்கும்ங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் கிடைக்கல. வீட்டுல கொடுத்த பிள்ளைங்க அடுத்த வருஷம் வெளி ஆளுங்ககிட்டயும் வாங்கிக் குடிக்கற வாய்ப்பு ரெண்டு மடங்கு இருந்துச்சு. கடைசி வருஷத்துல வீடு, வெளி ரெண்டு பக்கமும் கிடைச்சவங்கள்ல 81 சதவீதம் பேர் ஒரே உக்காருல நாலு கிளாஸுக்கு மேல போயிருக்காங்க. வெளில மட்டும் கிடைச்சவங்க 62, வீட்டுல மட்டும் கிடைச்சவங்க 25. அந்த 25ஐப் பார்த்துட்டு வீடுதானே பத்திரம்னு உங்க வீட்டுக்காரரு சொல்லலாம், ஆனா வீட்டுல ஆரம்பிச்ச பிள்ளை வீட்டோட நிக்கறதில்லங்கிறது தான் விஷயமே.

320 மில்லி பீர் டின் ஒன்னுல, 5 சதவீதம்னா, 12 கிராமுக்கு மேல சுத்த ஆல்கஹால் இருக்கு. நிதானம், பின்விளைவு யோசிக்கற மூளைப் பகுதி இருபது வயசு தாண்டியும் வளர்ந்துட்டு இருக்கும், அந்த வயசுல பழகினா பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கும். நம்ம மலேசியாவுலயே 2017 டிசம்பர்ல இருந்து 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு கடையில விக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, முன்ன 18.

மெத்தனால் பயம் நியாயமான பயம். ஆனா அதுக்கு பீர் ஊத்திக் கொடுக்கணும்னு இல்ல, விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கணும். லேபிள் சரியில்லாத, ரொம்ப மலிவா விக்கற போத்தலைத் தொடாதேன்னு சொல்லுங்க. குடிச்ச உடனே ஒன்னும் தெரியாது, பாதி நாள் ஒரு நாள் கழிச்சு தான் வாந்தி, வயித்து வலி, கண்ணு மங்கலா வெள்ளையா தெரியும், உடம்பு அதை ஃபார்மிக் ஆசிட் ஆக்கி கண் நரம்பை அழிக்கும். கூட்டாளிக்கு அப்படி ஆனா தூங்கட்டும்னு விடக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி தான், என்ன குடிச்சான்னு மறைக்காம சொல்லணும்.

கெடா தாத்தா:
நான் பழைய ஆளும்மா, பீடோங் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். அப்ப கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளயே இருக்கும், நாங்க குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில இருந்து கூப்பிடு தூரம். சம்பளத்தன்னிக்கு எங்கம்மா என்னைய அனுப்பும், போயி கடை வாசல்ல நின்னு அப்பாகிட்ட அரிசிக் காசு வாங்கிட்டு வாடான்னு. உள்ள கள்ளு குடிக்கற மங்கு மோதுற சத்தம் கேக்கும், புளிச்ச வாடை, ஈ மொய்க்கும். என்னைய மாதிரி அஞ்சாறு பசங்க ஆளுக்கொரு பை வச்சுக்கிட்டு நிப்போம். சில நாள் ஆளுங்க கூப்பிட்டு, டேய் ஒரு வாய் குடிச்சுட்டுப் போடான்னு மங்கை நீட்டுவாங்க, பாசமாத்தான். அப்படி வாங்கிக் குடிச்ச பசங்கள்ல பாதிப் பேரு பின்னால சம்சுங்கிற மலிவு சாராயத்துக்குப் போயிட்டாங்க.

இந்தக் கள்ளுக்கடையை மூடணும்னு தான் 1946, 47ல கெடாவுல ஏ.எம்.சாமி தலைமையில தொண்டர் படை கிளம்புச்சு. ஹார்வார்ட் தோட்டத்து ஜனங்க மறியல் பண்ணி போலிஸ்கிட்ட அடி வாங்கினாங்க. நம்ம பிள்ளைங்க கையில மங்கு போகக் கூடாதுன்னு அவ்வளவு பட்டிருக்காங்க. அதை நாமளே தீபாவளிக்கு நம்ம கையால நீட்டணுமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.

மெந்தகாப் தம்பி:
எனக்கு 20. எங்கப்பா குடிப்பாரு, ஆனா எனக்குக் கொடுத்ததில்ல. ஃபார்ம் 5ல ஒன்னு சொன்னாரு, எந்த ராத்திரி எங்க மாட்டிக்கிட்டாலும் போன் பண்ணு, நான் வந்து ஏத்திக்கிறேன், அன்னிக்கு ஒரு கேள்வி கேக்க மாட்டேன், மோட்டோர்ல மட்டும் குடிச்சவன் பின்னாடி ஏறிடாதன்னு. ஒரு தடவை கூப்பிட்டேன், வந்தாரு, கேக்கல. நான் திருட்டுத்தனம் பண்ணாததுக்கு அதுதான் காரணம்.

சிப்புட் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி இவருகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன், தாத்தா எழுதினதைக் கேட்டு கொஞ்ச நேரம் பேசல. ஊத்த மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு, அந்த போன் விஷயமும் பிடிச்சிருக்கு. ஆனா கொழுந்தனாருங்க இருக்காங்களே, நாங்க கிச்சன்ல இருக்கும்போது வாடா மகனேன்னு ஊத்திடுவாங்க. மாமியார் வேற ஸ்டவுட்ங்கிற கறுப்பு பீர்ல முட்டை கலந்து குடிச்சா உடம்பு தேறும்னு சொல்லிட்டு இருக்காங்க.

தாதி ஈப்போ:
ஸ்டவுட்ல உடம்பு தேறாது அக்கா, முட்டையை அவிச்சுக் கொடுங்க போதும். கொழுந்தனாருங்களுக்கு விசேஷத்துக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரரே போன் போட்டு சொல்லட்டும், நீங்க சொன்னா விளையாட்டா எடுத்துப்பாங்க. பையன்கிட்டயும் முன்கூட்டியே பேசிடுங்க, சித்தப்பா நீட்டினா அப்பா வேணாம்னுட்டாருன்னு சொல்லிக்கடான்னு, அவனுக்கும் மறுக்க ஒரு சாக்கு வேணும்ல.