பெப்ரவரியில் சுவிஸ்: பெடியள் லிஃப்ட் இல்லாத மலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

நிலாவெளி_போட்:
வணக்கம். நிலாவெளியிலிருந்து புறாமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் போட் வைத்திருக்கிறேன். எங்கள் சீசன் மே மாதத்துக்குப் பிறகுதான், பெப்ரவரியில் கை சும்மா இருக்கும். என்னோடு படித்த பெடியள் மூன்று பேர் கூர் நகரப் பக்கம் இருக்கிறார்கள். முன்பு மாமா வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்க நின்றபோது ஸ்கீ பழகினேன். சிவப்புப் பாதைகளில், அதாவது நடுத்தரக் கடினமானவற்றில், விழாமல் இறங்குவேன். இவர்கள் சொல்வது வேறு: ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் "தோல்" பட்டை ஒட்டி நடந்தே ஏறி, யாரும் மிதிக்காத பௌடர் பனியில் இறங்குவதாம். தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது, "ஒரு நாள்தானே மச்சான்" என்று. அம்மாவிடம் பனிச்சரிவு என்ற பேச்சையே எடுக்கவில்லை. பாதையில் மட்டும் ஓடத் தெரிந்தவன் நேரே இதற்குப் போகலாமா? என்ன சாமான் வேண்டும்?

வாடைக்காற்று:
கோணேசர் கோயில் ஏற்றத்திலேயே நமக்கு மூச்சு வாங்கும், இதில் ஆல்ப்ஸா! பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் லிஃப்ட் உள்ள இடத்தில், பாதையோரப் புதுப்பனியில் ஒரு பயிற்சியாளரோடு இறங்கிப் பார். அதில் கால் நடுங்கினால் மற்றதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

உப்புவெளியான்_கூர்:
தம்பி, நான் கூரில்தான் இருக்கிறேன். பனிக்காலத்தில் வார இறுதி என்றால் எனக்கு மலைதான். உன் ஸ்கீ எப்படி என்பதை விட, அந்த மூன்று பேரும் எப்படிப்பட்டவர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நல்ல நாள் என்பது முதல் நாள் மாலை 5 மணிக்கே தொடங்கிவிடும். டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப் நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை அப்போது வரும், காலை 8 மணிக்கு இன்னொன்று. ஆபத்து 1 முதல் 5 வரை. 4, 5 என்றால் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆட்கள் அதிகம் சாவது 3இல்தான். வானம் நீலம், பனி புதிது, எல்லோருக்கும் ஆசை. சுவிஸ் அரசின் ஸ்விஸ்டோப்போ வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவெல்லாம் நிறம் போட்டுக் காட்டியிருக்கும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா. பனி பலகையாக உடைந்து சரிவது பெரும்பாலும் அந்த இடங்களில். 3 போட்ட நாளில் நான் நிறத்துக்குள்ளும் போகமாட்டேன், நிறத்துக்குக் கீழேயும் நிற்கமாட்டேன்.

காலையில் கார் நிறுத்திய இடத்திலேயே எல்.வி.எஸ் சோதனை. நெஞ்சில் கட்டுகிற சிறிய கருவி அது, புதைந்தாலும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் தள்ளி நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள். டைவிங்குக்கு இறங்குமுன் ஆளுக்கு ஆள் டாங்க் பார்ப்பீர்களே, அது மாதிரி. கைப்பேசியை அதற்குப் பக்கத்தில் வைக்காதே, சிக்னல் குழம்பும். முதுகுப்பையில் தேடும் கம்பியும் மண்வெட்டியும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். ரேகா என்ற மீட்பு ஹெலிகொப்டரை 1414இல் உடனே கூப்பிட வேண்டும்தான், ஆனால் அதற்குள் அது வந்து சேருவது அரிது. தோண்டப்போவது கூட வந்தவன். அதனால் அந்தப் பெடியளிடம் கேள், இந்த வருடம் எல்.வி.எஸ் தேடிப் பழகினார்களா என்று. வீடியோ எடுக்கப் பழகியது தெரிகிறது.

ஏறுவதுதான் நாளின் பெரும்பகுதி. மணிக்கு 300, 400 மீற்றர் உயரம் ஏறினால் நல்ல வேகம். மூன்று மணித்தியாலம் வியர்த்து ஏறியதை அரை மணித்தியாலத்தில் இறங்கி முடித்துவிடுவாய். ஏறும்போது காலடியில் "வூம்" என்று பனி அமர்ந்தால், உள்ளே பலவீனமான அடுக்கு ஒன்று உடைகிறது என்று அர்த்தம். போன மாசியில் சங்க்ட் அந்தோனியனுக்கு மேலே எங்களுக்கு அது கேட்டது, உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். "இன்னும் கொஞ்சம்தானே" என்றான் ஒருவன். கூட வந்த பிள்ளை பதிலே சொல்லவில்லை, ஸ்கீயைத் திருப்பி வைத்துத் தோலை உரிக்கத் தொடங்கினாள். எல்லோரும் இறங்கினோம். காட்டோரத்துப் பனி அன்று சுமார்தான். அவள் கூப்பிட்டால் நான் எந்த மலைக்கும் போவேன்.

பௌடரில் பாதையில் போல ஒற்றைக் காலில் பாரம் போடாதே, அந்த ஸ்கீ அமிழ்ந்துவிடும். இரண்டிலும் சமமாக நில். பயத்தில் பின்னால் சாயாதே, கொஞ்சம் வேகம் இருந்தால்தான் மிதக்கும். விழுந்தால் கையூன்றி எழும்ப முடியாது, கை தோள்வரை போகும். இரண்டு கம்பையும் குறுக்காகப் பனியில் போட்டு அதன்மேல் ஊன்று.

இன்னொன்று, ஃபோன் என்கிற தென்காற்று. நம் பக்கத்துக் கச்சான் காற்று எப்படி மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே சூடாகவும் வறண்டும் இறங்குகிறதோ, இதுவும் அதே வேலைதான், ஆல்ப்ஸைத் தாண்டி. ஒரு இரவு அடித்தால் பௌடர் முடிந்தது. அன்றைக்குக் கோபிக்காமல் பெடியளோடு சோறு சமை.

மாமாங்கம்:
விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள். பல காப்புறுதிகள் பாதைக்கு வெளியே ஸ்கீ ஓடுவதைச் சேர்ப்பதில்லை. கொழும்பில் கையெழுத்து வைக்குமுன் அந்தப் பக்கத்தை வாசி.

நிலாவெளி_போட்:
நன்றி அண்ணா. பெடியளிடம் கேட்டேன். ஒருவன் பழகியிருக்கிறான், இரண்டு பேர் "வாங்கி வைத்திருக்கிறோம்" என்கிறார்கள். என் சப்பாத்து 43, ஏறுவதற்கு வேறு பூட்ஸ் வேண்டுமா?

உப்புவெளியான்_கூர்:
வேண்டும், ஏறும்போது கணுக்கால் மடங்க விடுகிற வகை. கூரில் ஸ்கீ, தோல், எல்.வி.எஸ் எல்லாமே வாடகைக்கு எடுக்கலாம், ஒன்றும் வாங்காதே. பூட்ஸை மட்டும் மாலையில் போய்ப் போட்டுப் பார், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மற்ற இரண்டு பேரையும் முதல் நாள் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளிக்குக் கூட்டி வா. கருவியைப் பனியில் புதைத்து வைக்கிறேன், தேடட்டும்.