சொந்தங்கள் ஸ்காபரோ (வாட்ஸ்அப் குழு), 28 ஜனவரி 2025

வசந்தி மாமி, 9:12
பிள்ளைகள், தபாலில் ஒரு கடிதம். எங்கள் குடும்ப டொக்டர் மார்ச் முடிய ஓய்வு பெறுகிறாராம். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லையாம். 26 வருஷம்! உள்ளே போகமுன்னமே "முழங்கால் எப்படி?" என்று தமிழில் கேட்கிற மனுஷன்.

ரவி அண்ணை, 9:15
அட, அவருமா? என்னைப் போன வருஷமே அந்தரத்தில் விட்டாச்சு. இப்போது வோக்-இன்தான், பதியாமல் போய்க் காட்டுகிற கிளினிக். ஒவ்வொருமுறையும் புது முகம், ஆதியில் இருந்து கதை சொல்ல வேண்டும்.

குமரன், 9:19
இங்கே ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்ற சின்ன ஊரின் படம் பார்த்தீர்களா? புது டொக்டர் 500 பேரைத்தான் எடுப்பாராம். ஆயிரம் பேருக்கு மேல் பனிக்குள் வரிசை.

வசந்தி மாமி, 9:20
ஊரில் மண்ணெண்ணெய்க்கு நின்ற மாதிரி.

ரவி அண்ணை, 9:22
இவ்வளவு சம்பளம் எடுத்தும் ஏன் ஆள் இல்லை?

சுதா, 9:31
அண்ணை, கிளினிக் முன்மேசையில் இருக்கிற நான் சொல்கிறேன். அது முழுக்கச் சம்பளம் இல்லை. ஓஹிப், அதுதான் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, தருகிற காசில்தான் வாடகை, கம்ப்யூட்டர், என் சம்பளம் எல்லாம். எழுத்து வேலைக்கு மட்டும் கிழமைக்கு 19 மணித்தியாலம் போகிறது என்று ஒன்ராறியோ மருத்துவச் சங்கம் சொல்கிறது. எங்கள் டொக்டர் 6 மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு, 9 மணி வரைக்கும் ஃபாக்ஸ் படிப்பார். சாப்பாட்டுப் பெட்டி அப்படியே இருக்கும். இதைப் பார்க்கிற இளசுகள் ஏன் வரப்போகிறார்கள்? 2024இல் முதல் சுற்றுத் தெரிவில் ஒன்ராறியோவில் குடும்ப மருத்துவப் பயிற்சி இடங்கள் 100க்கு மேல் காலி.

சுதா, 9:33
குமரன், உனக்கு ஒன்று. தடிமனுக்கெல்லாம் வோக்-இன்னுக்கு ஓடாதே. உன் டொக்டர் மாதிரி, பதிந்த நோயாளிகளுக்கு ஆள்கணக்கில் காசு எடுக்கிறவர்களுக்கு, பதிந்த நோயாளி வெளியில் போனால் அங்கே ஓஹிப் கட்டுகிற காசை அவர்களின் போனஸில் கழிப்பார்கள்.

குமரன், 9:34
ஐயோ, நவம்பரில் மூன்று தரம் போனேனே 🙈

குமரன், 9:36
நேற்று மாகாண அரசு குடும்ப டொக்டர் திட்டத்துக்கு 180 கோடி டொலர் அறிவித்ததே. 2029க்குள் எல்லாருக்கும் டொக்டராம்.

ரவி அண்ணை, 9:37
மாகாணத் தேர்தலும் வந்தாச்சு. கணக்குச் சரி.

சுதா, 9:40
திட்டத்துக்குத் தலைமை ஜேன் பில்பொட். மார்க்கம் பக்கத்தில் வருஷக்கணக்காகக் குடும்ப டொக்டராக இருந்தவ, விஷயம் தெரிந்தவ. ஆனால் மாகாணத்தில் குடும்ப டொக்டர் இல்லாதவர்கள் 20 இலட்சத்துக்கு மேலே.

வசந்தி மாமி, 9:43
அது 2029. ஏப்ரலில் என் பிறஷர் குளிசைக்கு யாரிடம் போகிறது?

சுதா, 9:48
மாமி, அவர் இருக்கும்போதே நீண்ட நாளுக்கு மருந்துத் துண்டு வாங்குங்கோ. பிறகு பாமசிக்காரரே பல மருந்துகளைப் புதுப்பித்துத் தரலாம். ஃபைல் பிரதியும் கேளுங்கோ, காசு கேட்டாலும் பரவாயில்லை. அப்புறம் டொக்டர் தேடித் தருகிற அரசுச் சேவை ஹெல்த் கெயார் கனெக்டில் நான் உங்களைப் பதிந்து விடுகிறேன்.

வசந்தி மாமி, 9:51
பெனிசிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்தது அந்த ஃபைலில் இருக்குமோ? தேதி எனக்கு ஞாபகமில்லை, அவருக்குத்தான் தெரியும்.

ரவி அண்ணை, 9:53
வியாழன் 10 மணிக்கு வாசலில் நில்லுங்கோ. கூட்டிக்கொண்டு போகிறேன்.

வசந்தி மாமி, 9:54
வா. அவருக்கும் கொஞ்சம் பருத்தித்துறை வடை சுட்டு வைக்கிறேன்.