கோல்ட் பிராசஸ் சோப்பை உருக்கி ஊற்றும் பேஸாக மாற்ற முடியுமா?

கேள்வி: நுரைவிரும்பி

அனைவருக்கும் வணக்கம். தேங்காய் எண்ணெய், பாமாயில், ஆலிவ் எண்ணெய் ஆகிய மூன்றையும் கலந்து கோல்ட் பிராசஸ் முறையில் (எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் வேகவைக்காமல் கலந்து) சோப்பு செய்து வருகிறேன். சூப்பர்ஃபேட், அதாவது சோப்பாகாமல் மிஞ்சும்படி விடும் எண்ணெய், 5 விழுக்காடு வைப்பது வழக்கம். கட்டிகளை வெட்டும்போது சேர்ந்த ஓரத் துண்டுகளும், வடிவம் சரியாக அமையாத சில கட்டிகளும் கைவசம் நிறையவே இருக்கின்றன. கடையில் கிடைக்கும் மெல்ட் அண்ட் போர் பேஸைப் (உருக்கி அச்சில் ஊற்றும் ஆயத்தச் சோப்புக்கட்டி) போல இவற்றையும் உருக்கிச் சிறிய அச்சுகளில் ஊற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி, துருவலாக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினேன். ஓரங்கள் மட்டும் சற்றுத் தெளிந்து பிசுபிசுத்தன. நடுவில் இருந்த துருவல் கரண்டியோடு இழுபட்டு வந்ததே தவிர, ஊற்றும் பதத்துக்கு வரவில்லை. நீர் தெளித்தபோது கொஞ்சம் இளகியது. ஆறிய பிறகு பார்த்தால், மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, பழையபடி வெளுத்த கட்டியாகவே நின்றது.

இன்னும் அதிகமாகச் சூடாக்கியிருக்க வேண்டுமா, அல்லது வேறு ஏதேனும் பொருளைச் சேர்க்க வேண்டுமா? அப்படிச் சேர்த்தால், கண்ணாடிச் சோப்பைப் போலத் தெளிவாகவும் வருமா? விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: துருவல்

வெப்பத்தைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. சோப்பு என்பது ஓர் உப்பு. நீரோ வேறு கரைப்பானோ இல்லாத நிலையில் சோடியம் ஸ்டியரேட்டை உருக்க வேண்டுமானால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும், அதற்குள் உங்கள் சோப்பு நிறம் மாறிக் கருகத் தொடங்கிவிடும். விலைக்கு வாங்கும் பேஸ் 60 முதல் 70 டிகிரியிலேயே ஓடுவதற்குக் காரணம், அது பாதிக்குப் பாதி கரைப்பான் என்பதுதான். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால், நீர் ஆகியவற்றில் சோப்பு கரைந்து, ஆறும்போது கூழாக உறைந்து, மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகுகிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது உருக்குவதன்று, கரைப்பது.

கோல்ட் பிராசஸ் சோப்பிலேயே கிளிசரின் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது; ஆனால் சோப்பாகும்போது விளைவது எண்ணெயின் எடையில் சுமார் 10 விழுக்காடுதான், தேங்காய் எண்ணெயில் சற்றுக் கூடுதல். அந்த அளவு போதாது. சோப்பு ஆறும்போது நுண்ணிய இழைப் படிகங்களாகக் கட்டிக்கொள்கிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் கட்டி வெள்ளையாகத் தெரிகிறது. எத்தனால், கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தப் படிகங்கள் பெரிதாக வளர விடாமல் தடுக்கின்றன. கண்ணாடிச் சோப்பின் இரகசியம் அவ்வளவுதான்.

செய்முறையைச் சொல்கிறேன். 500 கிராம் துருவலுக்கு 95 விழுக்காடு எத்தனால் 150 கிராம், கிளிசரின் 125 கிராம், சர்க்கரை 100 கிராம், பாகுக்கு வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) 60 கிராம் என்ற விகிதத்தில் தொடங்கலாம். சோப்பு நன்றாக உலர்ந்து போயிருந்தால், துருவலில் வாலைவடிநீர் தெளித்து, மூடி, ஓர் இரவு ஊற விடுங்கள். புதிய சோப்புக்கு இது தேவைப்படாது. பிறகு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத் துருவல் களியாகும்வரை சூடாக்கி, நெருப்பு எதுவும் இல்லாத இடத்துக்கு மாற்றிய பின்னரே எத்தனாலை ஊற்ற வேண்டும். அடுத்து கிளிசரினைச் சேர்த்துக் கிளறி, பாத்திரத்தின் வாயை ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, ஏறக்குறைய 70 டிகிரியில் கட்டிகள் அனைத்தும் கரையும்வரை வைத்திருங்கள். பாகைக் கடைசியில், சூடாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். ஆறிய பாகு பட்ட இடத்தில் சோப்பு உடனே உறைந்து திப்பிதிப்பியாகிவிடும்.

ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எத்தனாலைச் சேர்த்தவுடன் பாத்திரத்தை மூடியோடு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் ஆவியாகிப் போனது எவ்வளவு என்பது பின்னர் எடைபோடும்போது தெரிந்துவிடும். குறைந்த அளவை ஈடுகட்டாமல் ஊற்றினால், அச்சில் தெளிவாகத் தெரிந்த சோப்பு மறுநாள் மங்கிப் போயிருக்கும்.

கரைப்பான் போதுமா என்று பார்க்க, உறைபெட்டியில் குளிரவைத்த எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உறைந்த சொட்டின் வழியாக உலோகத்தின் பளபளப்பு தெரிந்தால் போதும். பால்போல் வெளுத்தால் இன்னும் 10 கிராம் எத்தனாலோ கிளிசரினோ சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். சொட்டு தெளிவாக இருந்தும் விரலில் அமுங்கினால், கரைப்பான் மிகுந்துவிட்டது என்று பொருள். மூடியைச் சற்றுத் திறந்துவைத்து ஆவியாக விடலாம். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்து, 60 டிகிரிக்குச் சற்று மேலே அச்சில் ஊற்றலாம்.

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேடையின் மீது தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள சுடரையும் பற்றிக்கொள்ளும். எரிவாயு அடுப்பு கூடவே கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று நஞ்சாகும்.

பதில் 2: எண்ணெய்க்கணக்கு

மேலே உள்ள செய்முறை சரியானதே. ஆனால் கேள்வி கேட்டவரின் சோப்பில் அது கண்ணாடித் தெளிவைத் தரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உருகி ஓடுவது ஒன்று, ஒளி ஊடுருவுவது வேறொன்று. முன்னதற்குக் கரைப்பான் போதும். பின்னதை முதலில் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானித்துவிடுகிறோம்.

அவர் 5 விழுக்காடு சூப்பர்ஃபேட் வைத்திருக்கிறார். சோப்பாகாமல் தங்கிய அந்த எண்ணெய், கரைசலில் நுண்துளிகளாக மிதந்து மங்கலை உண்டாக்கும். எத்தனாலைக் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த மங்கல் முழுதாக நீங்காது. மிஞ்சிய எண்ணெயைச் சோப்பாக்கிவிடலாம் என்று பின்னர் காஸ்டிக் சோடா சேர்க்க முயல்வதையும் நான் ஏற்க மாட்டேன். உலர்ந்த சோப்பில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்பதை வீட்டில் துல்லியமாக அளக்க முடியாது. கணக்குத் தவறினால் பாதிக்கப்படுவது தோல். ஷியா வெண்ணெய், தேன்மெழுகு போன்றவற்றில் சோப்பாக மாறாத பகுதி மிகுதி என்பதால் அவையும் தெளிவைக் கெடுக்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கரையாத சோப்பாக மாறி வெண்திரையாகத் தங்கும். வாலைவடிநீரை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

தெளிவான பேஸ்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே தனியாகச் சோப்பு செய்வது நல்லது. பாமாயில், தேங்காய் எண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஒவ்வொன்றிலும் 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குக் காஸ்டிக் சோடாவின் தேவை கிராமுக்கு முறையே 0.141, 0.183, 0.128 கிராம், மொத்தம் 90.4 கிராம். சூப்பர்ஃபேட் சுழியம். சோடாவின் எடையைப் போல இரு மடங்கு வாலைவடிநீர் போதும். சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், நீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அருகில் கொண்டுவரவே வேண்டாம், அது சோடாவோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்வதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆமணக்கெண்ணெயை இவ்வளவு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அந்த மூலக்கூறின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி துருத்திக்கொண்டிருப்பதால், அதன் சோப்பு நெருக்கமாக அடுக்கிக்கொள்ள இயலாமல் எளிதில் கரைகிறது. அளவை இன்னும் கூட்டினால் கட்டி மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் ஆகிவிடும்.

இந்தச் சோப்பை ஆறு வாரம் உலர்த்தத் தேவையில்லை. ஸ்லோ குக்கரில் மூடிவைத்து முழுமையாக வேகவிட்டு, அந்தச் சூட்டிலேயே கரைப்பானைச் சேர்க்கலாம். அதற்கு முன் ஒரு துளி சோப்பைச் சூடான எத்தனாலில் கரைத்து, அதில் காரத்தைக் காட்டும் நிறங்காட்டியான பினாப்தலீன் விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு தோன்றினால் சோடா இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். மேலும் வேகவிட வேண்டும். இச்சோதனையை நீரில் செய்தால் நல்ல சோப்பும் சிவந்து காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பதில் 3: வெள்ளைப்பேஸ்

எத்தனாலைக் கையாள விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒளி ஊடுருவ வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால், புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் பாகு ஆகியவற்றைக் கொண்டே, உருகி ஊற்றக்கூடிய மங்கலான பேஸைச் செய்துவிடலாம். ஏறக்குறைய 80 டிகிரியில் பொறுமையாகக் கிளற வேண்டும், கரைவதற்கு நேரம் பிடிக்கும். எத்தனாலைப் போல் எளிதில் தீப்பற்றும் அச்சம் இல்லை. கேள்வி கேட்டவரின் ஓரத் துண்டுகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. சூப்பர்ஃபேட்டால் வரும் மங்கலும் இங்கே குறையாகத் தெரியாது.

நுரைவிரும்பி

மூவருக்கும் நன்றி. தெளிவும் உருகலும் வெவ்வேறு என்பது இப்போதுதான் விளங்குகிறது. துண்டுகளை வெள்ளைப்பேஸ் சொன்னபடியும், தெளிவான பேஸை ஆமணக்கெண்ணெய்க் கலவையிலும் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஒருமுறை செய்த பேஸை எத்தனை தடவை உருக்கலாம்? கிளிசரின் மிகுந்த கட்டிகளில் நீர்த்துளிகள் அரும்பும் என்கிறார்களே, அதைத் தடுக்க முடியுமா?

துருவல்

தடவைக் கணக்கு என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆவியாக விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிறு துண்டுகளாக வெட்டி, மூடியிட்டு, குறைந்த சூட்டில் உருக்கி, எடை குறைந்திருந்தால் எத்தனாலும் நீரும் சேர்த்துச் சரிசெய்தால் பேஸ் பழையபடி நடந்துகொள்ளும். அதிகம் சூடாக்கினால் சர்க்கரை பழுப்பாகி, அந்த நிறம் தங்கிவிடும். நறுமண எண்ணெயைப் பேஸிலேயே கலந்து வைக்காமல், ஊற்றுவதற்குச் சற்று முன்னால் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். மறுபடி உருக்கும்போது மணம் முதலில் போய்விடும்.

நீர்த்துளிகள் சோப்பிலிருந்து வெளியேறுபவை அல்ல. கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் மேற்பரப்பு வியர்த்தாற்போல் ஆகிவிடும். கட்டி முழுவதும் ஆறி இறுகிய உடனேயே, காற்று புகாதபடி பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுங்கள். ஏற்கெனவே அரும்பியிருந்தால், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சுற்றலாம். ஆறவைக்கும் அவசரத்தில் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை மிகுதி. குளிர்ந்த கட்டி வெளியே வந்ததும் ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது.

எண்ணெய்க்கணக்கு

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமணக்கெண்ணெய்க் கலவையில் எத்தனால் 240, கிளிசரின் 170, சர்க்கரை 170, பாகுக்கு நீர் 110 கிராம் என்று தொடங்கி, கரண்டிச் சோதனையின்படி கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். முதலில் பாதி அளவில் செய்து பார்ப்பதானால், எத்தனாலைப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கலவையில் எடைக்கு ஒப்ப மேற்பரப்பு அதிகம் என்பதால் ஆவியாகும் பங்கும் அதிகமாகவே இருக்கும்.